அம்மா கையில் இருந்த பை

செம்மேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் உமைராவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளை ரமீஸும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் உன் அம்மாவும் அங்கே சிங்கப்பூரில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கையில் போன் இருக்க இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுகிறீர்கள், நான் இங்கே இருமினால்கூட அங்கே மூன்று பேரும் கேட்கிறீர்கள், அதில் மனதில் இருப்பதை எப்படிப் பேசுவது. தபாலில் போட்டால் பேரப்பிள்ளை பிறந்து நடை பழகிய பிறகுதான் வந்து சேரும், அதனால் எழுதி முடித்துப் போட்டோ பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். நீ மட்டும் தனியாக உட்கார்ந்து படி.

இங்கே மழை விட்டபாடில்லை. மலையேறி வரும் லாரி குறைந்துவிட்டது, வியாபாரமும் மந்தம்தான். சமையல் நானேதான். நேற்று ரசம் வைத்தேன், அதை ரசம் என்று இந்த மலையில் நான் ஒருவன்தான் ஒத்துக்கொள்வேன். கடை வாசலில் அம்மா அடித்து வைத்த ஆணி வரிசை உனக்குத் தெரியுமே, பஸ்ஸில் ஊர்க்காரர்கள் கொடுத்துவிடும் பை எல்லாம் அவற்றில்தானே தொங்கும். ராசிபுரத்திலிருந்து யாருக்கோ மருந்து, முள்ளுக்குறிச்சியிலிருந்து யாருக்கோ தைத்த ஜாக்கெட், கண்டக்டர் இறக்கிவிட்டுப் போவார், அம்மா வாங்கி மாட்டுவாள். உள்ளே என்ன என்று ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை, ஆனால் எது யாருடையது என்பதில் மட்டும் தப்பவே மாட்டாள். அவள் உன்னிடம் வந்த பிறகும் இங்கே பை வந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. குண்டனி நாட்டு அர்த்தனாரிக்கு மாட்டு மருந்து வந்திருக்கிறது என்று ஒரு பையைக் கொடுத்தனுப்பினேன். அவன் கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே வளையலும் ரிப்பனும். மறுநாள் வந்து, ஏனுங்க பாய், எங்க மாடு சடை போட்டுக்கிற வயசெல்லாம் தாண்டிருச்சுங்க என்று சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்து, அம்மிணி எப்பங்க வாறாங்க என்று கேட்டான். எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். பிரசவமாகி நாற்பது நாள் முடிந்துதான் வருவாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பேச்சுக்கு ஆள் இல்லாமல் ரேடியோவைப் போட்டு வைக்கிறேன், அது பேசுவது எதுவும் காதில் ஏறுவதில்லை, வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நடந்ததை நீ ஒரு மாதிரி சொன்னாய், அம்மா ஒரு மாதிரி சொன்னாள், இரண்டையும் சேர்த்து எனக்குப் புரிந்தது இதுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் எண்ணெய், சோப்பு, பிள்ளைக்கு வேண்டிய டயாப்பர் எல்லாம் மலிவு என்று நீங்கள் வாராவாரம் பாலம் தாண்டிப் போகிறீர்கள். உங்களைப் போலப் புதிதாக வந்து தங்கியிருக்கிற எல்லோரும் போகிறார்கள். அதைக் குறை சொல்ல நான் யார், ஈரோட்டில் மலிவு என்றால் ஈரோட்டுக்கும் சேலத்தில் மலிவு என்றால் சேலத்துக்கும் ஓடுகிறவன்தானே. திரும்பும்போது பஸ் வரிசையில் நீ பாத்ரூம் போன நேரத்தில், கட்டட வேலைக்கு வந்த ஒரு தமிழ் ஆள், கையில் சுமை அதிகமாக இருக்கிறது, அந்தக் கரை வரை இதைப் பிடியுங்கள் என்று அம்மாவிடம் ஒரு பையை நீட்டியிருக்கிறான். அவள் வாங்கிக்கொண்டாள். சிங்கப்பூர்ப் பக்கம் வந்து மெஷினில் விட்டால் உள்ளே கட்டுக் கட்டாகச் சிகரெட். அந்த ஊரில் ஒரு பாக்கெட் கொண்டு வந்தாலும் முன்னாடியே சொல்லி வரி கட்டியாக வேண்டுமாமே. யாருடைய பை என்று கஸ்டம்ஸ் அதிகாரி கேட்க, அம்மா என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள். நீ எவ்வளவு சொல்லியும் அவள் மாற்றிச் சொல்லவில்லை. பையைக் கொடுத்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அபராதம் வாங்கிக்கொண்டு, அம்மாவின் பாஸ்போர்ட் விவரத்தை எல்லாம் பதிந்துகொண்டு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நீ அவளிடம், நிரந்தரமாகத் தங்க அவர் மனுப் போட்டிருக்கிற நேரத்தில் எங்கள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாயே, நீ எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்டாயாம். அதை அவள் என்னிடம் சொல்லும்போது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் பயத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை இரவும் பகலும் உழைத்து ஒரு இடத்துக்கு வந்திருக்கிறார், அதில் ஒரு கரும்புள்ளி விழுந்துவிடுமோ என்று பதறத்தான் செய்யும். அம்மா செய்ததும் தப்புதான். நம் மலை பஸ் வேறு, அந்தப் பாலம் வேறு. அடிவாரச் செக்போஸ்ட்டில் வனக் காவலர் யாருதும்மா பை என்று கேட்டால் நம்முளுதுதானுங்க என்று சொல்லிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம், யாருடைய பையாக இருந்தாலும் சரி. அவள் முப்பது வருஷம் அப்படிச் சொல்லியே பழகியவள். அங்கே அது செல்லாது என்று அவளுக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னீர்களா.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. அங்கே போன புதிதில் அம்மா எனக்குப் போன் பண்ணி ஒரே பெருமையாகப் பேசினாள். உங்களைப் போல வேலை பாஸில் தங்கி இருக்கிறவர்களுக்கு வரிச் சலுகையே கிடையாதாம், சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் உண்டாம், அதனால் சாமான் எல்லாம் என் பேரில்தான் வருது, யாராவது கேட்டா எல்லாம் என்னுதுன்னு சொல்லச் சொல்லி உமைரா சொல்லியிருக்கா, என்னாலயும் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனம் இருக்குதுங்க என்றாள். அன்றைக்கு எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆக, அந்த அதிகாரி கேட்டதும் நீ சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். டயாப்பருக்கு அந்தப் பதில் வேண்டும், சிகரெட்டுக்கு வேண்டாம் என்றால் அவளுக்கு எப்படித் தெரியும். இனிமேல் வாங்கியது எதுவானாலும் உன் பேரிலேயே சொல்லி, வரி கேட்டால் கட்டிவிட்டு வா. கட்டிய பிறகு மலிவாக இல்லை என்றால் பாலம் தாண்டவே வேண்டாம். இந்த வயிற்றோடு அந்தக் கூட்டத்தில் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்கு முள்ளுக்குறிச்சி இறங்கியிருந்தபோது அம்மா தனியாகப் போன் பண்ணினாள். பிளாட்டுக்குக் கீழே வந்து நின்று பேசுகிறேன் என்றாள். எனக்கு இங்க இருக்க முடியலீங்க, டிக்கெட்டை மாத்தி என்னையக் கூப்பிட்டுக்குங்க என்றாள். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் இப்படி ஒன்று கேட்டதே இல்லை. நான் அங்கிருந்தே ராசிபுரம் பஸ் ஏறினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, வந்து இறங்கினதும் முதலில் அவளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன். டிக்கெட் போட்டுத் தருகிற நம் சதாம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கே இடம் இருக்குது மாமா, ஜன்னலோரமே இருக்குது, போட்டுரட்டுமா என்றான். நான் தலையை ஆட்டப் போகிற நேரத்தில், பேரனா பேத்தியா, சொல்லவே இல்லையே என்று கேட்டான். பிள்ளை பிறந்துவிட்டது, அதனால்தான் அம்மா திரும்புகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாமல் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பது கண் முன்னால் வந்தது. வேண்டாம் தம்பி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் பண்ணி, எல்லா விமானமும் நிறைந்துவிட்டதாம், பழைய தேதிக்கு முன்னால் இடமே இல்லையாம் என்று பொய் சொன்னேன். அவள் சரிங்க என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் பண்ணவில்லை. நான் பண்ணினாலும் நீதான் எடுக்கிறாய், அம்மா படுத்திருக்கிறாள் என்கிறாய். உன் அம்மா பகலில் படுக்கிற ஆளா. இவரும் நம்மை வேண்டாம் என்கிறார், இவருக்கும் நாம் குற்றவாளிதான் என்று நினைத்துவிட்டாளோ என்று எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அவள் இன்னொரு தடவை மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடமே டிக்கெட் கேட்டுவிட்டால் என் பொய் ஒன்றுக்கும் உதவாது. அதற்கு முன்னால் நீதான் அவளை நிறுத்த வேண்டும். மன்னிப்பு அது இது என்று பெரிய பேச்செல்லாம் வேண்டாம், அவளுக்கு அது கூச்சம். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலைக்கு வைத்துவிடும்மா என்று சொல். மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும், வாங்கிக்கொள். அதன் பிறகு அவள் போகிறேன் என்று சொல்ல மாட்டாள்.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். மனுவை நினைத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால் கேட்கிறவர்களுக்கும் மனசு இருக்கும். நீ இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு, காபியை விட்டுவிடு. அல்லாஹ் உனக்குச் சுகப்பிரசவத்தையும் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் தருவானாக, ஆமீன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பிள்ளை பிறந்து, அம்மா அதைக் கையில் வாங்கிக் குளிப்பாட்டி எல்லாம் முடிந்த பிறகு, செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடம் இருந்தது, அத்தாதான் இல்லை என்று பொய் சொல்லிவிட்டார் என்று அவளிடம் சொல்லிவிடு. என்னைத் திட்டுவதற்காவது போன் பண்ணுவாள்.

உன் நினைவாகவே இருக்கும்
அத்தா,
அப்துல் அலீம்.