கார்மலைக் கொம்பை வடக்கே திருப்புக

திரு நிலைபெறுக. மருதவேலி நாடாளும் பொன்வேற் கோமானின் முதலமைச்சர் நெடுவயல் நம்பியார், கார்மலை உச்சியில் அலைக்கம்பம் காக்கும் எயினனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மலைச்சுனை வற்றாதிருக்க. உம் வீட்டார் நலமே வாழ்க.

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் உம் கம்பத்தின் கொம்பு, நோக்கிய திசையில் ஓங்கியும் மற்றத் திசைகளில் ஓய்ந்தும் ஒலிப்பது என்பது நீர் அறிந்ததே. ஐப்பசிப் புயலன்று உமது எச்சரிக்கை வடதுறைக்கு அரைகுறையாகவே சென்று சேர, எட்டு மரக்கலங்கள் மூன்று நாள் கடலில் அலைக்கழிந்தன. அது உம் சோம்பலால் நேர்ந்தது என்றும், உம்மைப் பதவி நீக்கவேண்டும் என்றும் அவையோர் மன்னரிடம் முறையிட்டனர். குற்றம் உம்முடையதன்று. செய்தவர் இவ்வோலை விடுக்கும் அமைச்சரே.

நாற்பதாண்டுகளுக்கு முன் அக்கம்பத்தைக் காத்தவர் அவர். அந்நாளில் மீசை கறுப்பு, அறிவு கொஞ்சம் மட்டு. கிழக்கே முத்துத்திட்டுத் தீவின் கம்பத்தில் பொலங்கொடி என்பாள் பணியிலிருந்தாள். அவள் முகத்தை அவர் கண்டதில்லை. மாலைதோறும் கடலின் நிலை கூறி, முடிவில் உண்டீரோ என வினவும் குரல் ஒன்றையே அறிவார். அக்குரல் கரகரப்பதைப் பொறாமல், வடதுறை நோக்கிய கொம்பை நான்கு விரல் கிழக்கே திருப்பினார். அருகமர்ந்து பேசுவதுபோல் குரல் தெளிந்தது. பிறர் மாற்றாதிருக்க அடிக்கல்லில் ஒரு கோடும் வெட்டினார். அதை அரச ஆணையென்று எண்ணி, பின்வந்த காவலர்களாகிய நீங்கள் மஞ்சள் பூசி, வெள்ளிதோறும் பூச்சூட்டி வருகிறீர்கள். அந்தத் தெய்வம் இந்த அமைச்சர்தான், சிரித்துக்கொள்க.

அந்த மாலைகளை நினைத்தால் அவருக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. தலைநகருக்கு அழைப்பு வந்தபோது மனத்திலிருந்ததை அவளிடம் சொல்லாமலே மலையிறங்கினார். அவள் மறைந்து ஆறாண்டாயிற்று; தீவின் கம்பமும் பூட்டிக் கிடக்கிறது.

இவை யாவும் மன்னர் திருமுன் கூறப்பட்டன. மன்னர் வாய்விட்டு நகைத்தார். பிறகு உமது பதவியை உறுதிசெய்து, பதவி துறக்கும் அமைச்சரின் முத்திரை மோதிரத்தைத் திரும்பப் பெற இசைந்தார். அம்மோதிரம் பதியும் கடைசி ஓலை இது.

ஆதலின், கண்ட நாளே கொம்பை நான்கு விரல் வடக்கே திருப்புக. அடிக்கல்லில் வெட்டிய அக்கோட்டைச் செதுக்கி அழிக்க.

இன்னுமொன்று. ஆய்வுக்குத் தீவு சென்றோர், வடதுறை நோக்கி நிற்கவேண்டிய அதன் கொம்பு, கார்மலை நோக்கி ஆணியறைந்து நிறுத்தப்பட்டிருக்கக் கண்டனர். நாற்பதாண்டும் அமைச்சர் அறியாதது இது. அக்கொம்பை எவரும் தொடற்க.

இது அரச ஆணை. பொன்வேல் முத்திரை.