கொளுத்தாத கற்பூரம்

என் அன்புக்குரிய அத்தான்,

அங்கே குதிரைகள் உண்டா? இருந்தால் இதற்குள் ஒன்றுக்காவது பெயர் மாற்றியிருப்பீர்கள். டேஸி என்று வாங்கி வந்த சாம்பல் நிறக் குதிரையை ஒரே வாரத்தில் ராசாத்தி ஆக்கிய ஆள்தானே நீங்கள். அவள் பண்ணையில் சுகமாக இருக்கிறாள். சேணம் பூட்டும்போது இன்னமும் வயிற்றை ஊதிக் காட்டி ஏமாற்றுகிறாள். பத்தடி நடத்திவிட்டுச் சேணத்தின் வயிற்றுப் பட்டியை மறுபடி இறுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் ரோவிலில் மற்றத் தமிழர்களெல்லாம் வார இறுதியில் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று விருந்துகளுக்கு அலைய, நீங்களும் நானும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி, அரசாங்கத்தின் பைன் காட்டுக்குப் போவோம். "ஐம்பது வயசிலை இவருக்குக் குதிரைச் சவாரி கேக்குது" என்று அக்கா வாசலில் நின்று ஏசுவார். ஏசிக்கொண்டே சாப்பாட்டுப் பெட்டிக்குள் கற்பூரப் பொட்டலம் ஒன்றை வைப்பார். ஏறுவதற்கு முன் குதிரைக்கு முன்னால் ஒரு கட்டி கொளுத்த வேண்டும். அது அக்கா போட்ட சட்டம்.

அந்தக் கடைசி முறை காட்டு வாசலில் பலகை தொங்கியது. அன்று முழு நெருப்புத் தடை. நீங்கள் வழக்கம்போலப் பொட்டலத்தை எடுத்தீர்கள்.

"அத்தான், இலையெல்லாம் காஞ்சு கிடக்கு. காட்டையே கொளுத்தப் போறியளோ?" என்று நான்தான் தடுத்தேன். சிரித்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

பிறகு பட்டியை இறுக்கப் போனவர், பாதியில் விட்டுவிட்டு மரத்தில் சாய்ந்தீர்கள். முகம் வேர்த்திருந்தது.

"நெஞ்சு கொஞ்சம் இறுக்குது, மச்சான். நீ பூட்டிவிடு. உன்ரை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, குதிரையை வித்துப்போடுவாள்."

"திரும்பிப் போவமே?"

"வெறும் வாய்வடா."

நான் பூட்டிவிட்டேன், அத்தான். இறுக்கமாக, இரண்டு தரம். உங்களை ஏற்றியும் விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? எனக்கும் அன்று சவாரி போக ஆசை, அதுதான் உண்மை. ஓடைக்குப் பக்கத்தில் நீங்கள் சரிந்தபோது, ராசாத்தி ஓர் அடிகூட அசையாமல் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் உடுப்புகளோடு அந்தப் பொட்டலத்தையும் தந்தார்கள். "ஏன் கொளுத்தேல்லை?" என்று அக்கா கேட்டார். நெருப்புத் தடை, நான்தான் மறித்தேன் என்றேன். அன்றிலிருந்து, நீங்கள் போனதற்கு அவர் கணக்கில் அதுதான் காரணம். இரண்டு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கற்பூரத்தின் மேல் பழி போவது எனக்கு வசதியாக இருந்தது. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை அக்கா தானாகக் கேட்டார், "தம்பி, அந்தக் காட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ." குளிர்காலம், தடை ஒன்றும் இல்லை. ராசாத்தியையும் ஏற்றிச் சென்றேன். ஈர மண்ணில், அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, அக்கா அதே பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பயறளவுதான் மிச்சம். மற்றதெல்லாம் இந்த இரண்டு வருடத்தில் தானாகக் கரைந்து போயிருந்தது.

"இதுகும் எனக்காக நிக்கேல்லையே" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. உங்களுக்கு நெஞ்சு இறுக்கியது, நீங்கள் சொல்ல வேண்டாம் என்றது, நான் பட்டியைப் பூட்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். ராசாத்தியின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அண்டைக்குக் காலமை சாப்பிட்டவரோ?"

"ஓம் அக்கா. நீங்கள் கட்டித் தந்த ரொட்டி. மூண்டு."

"சம்பல்?"

"முழுக்க முடிச்சவர்."

அப்போதுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னித்தாரா, தெரியாது. கேட்க எனக்குத் துணிவில்லை.

குதிரையை இறக்கிவிடப் போனபோது பண்ணைக்காரி அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா ஞாயிறுதோறும், நான் வராத நேரம் பார்த்து, கரட் கொண்டுவந்து ராசாத்திக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாராம். இரண்டு வருடமாக.

சொல்லியிருந்தாலும் விற்றிருக்க மாட்டார், அத்தான்.

இனி அக்காவிடம் நான் எதையும் மறைக்க மாட்டேன். நீங்களே வந்து கேட்டாலும்.

பட்டியை இறுக்கிவிட்ட,
உங்கள் மச்சான்.