முகமூடியின் கண் ஓட்டை

சிவப்பு அங்கிக்குள் தொந்தியையும் சிரிப்பையும் சேர்த்து ஒளித்துவைத்த என் அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்மஸ் முடிந்துவிட்டது. கேக் சாப்பிட்டோம். தம்பி ஒரு துண்டு கூடுதலாகத் தின்றான், அது உங்கள் பங்காம். ஆனால் இதைச் சொல்ல எழுதவில்லை. எனக்குக் கோபம். சபைக் கமிட்டி மேல் கோபம், செயலர் மாமா மேல் கோபம், உள்ளதைச் சொன்னால் உங்கள் மேலும் கோபம். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டிசம்பர் பிறந்ததுமே செயலர் மாமா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நோட்டை விரித்து நின்றபடியே அம்மாவிடம் பேசினார்.

"ஏம்மா, இந்த வருசம் அன்பளிப்பு லிஸ்டுல உங்க பேரையும் சேத்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் மேடைக்கு வந்துருங்க. முதலாளியே வந்து கையால குடுக்காக. ஒரு விசயம்... பழைய சேலையாப் பாத்து கட்டிட்டு வாங்க. போன வருசம் எல்லாரும் பளபளன்னு வந்து நின்னுட்டாக. போட்டோவுல சேலையைப் பாத்துட்டு குடுத்தவுக சடைச்சுக்கிட்டாக."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். நான் சும்மா இருப்பேனா?

"கிழிசல் எம்புட்டு நீளம் வேணும் மாமா? அளவு சொன்னா கத்தரி வச்சு வெட்டிருவோம்."

"ஏ பிள்ள, வாயைப் பாரு! அப்பன் இல்லாத பிள்ளைன்னு பொறுத்துக்கிடுதேன்" என்று செருப்பை மாட்டினார்.

அப்பன் இருந்தபோதும் என் வாய் இதே நீளம்தான். அவருக்குத் தெரியாதா என்ன?

அம்மாவிடம் இருக்கும் நல்ல சேலை ஒன்றே ஒன்று, போன கிறிஸ்மஸுக்கு நீங்கள் விருதுநகரில் எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலை. ஞாயிறு காலை அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக நின்றாள். "அரிசி வேணும்டி. காலண்டர் கம்பெனியில சீசன் முடியப்போவுது. பொறவு எனக்கு அங்கன வேலை இருக்காது" என்றாள். கடைசியில் வெளுத்துப்போன நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அதன் தலைப்பில் ஒரு தையல் விட்டிருந்தது. அதைத் தைக்கவும் இல்லை.

அப்போதுதான் எனக்குள் திரி பற்றியது.

கிறிஸ்மஸ் தாத்தா அங்கியும் முகமூடியும் நம் வீட்டில்தானே இருக்கின்றன? உங்களுக்குப் பதிலாக இந்த வருடம் செயலர் மகன் பிரின்ஸ் போடுவதாக ஏற்பாடு. வாங்க வந்தவனுக்கு எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது பரோட்டாவில் பதவியை விட்டுக்கொடுத்துவிட்டான். தலையணை ஒன்றை வயிற்றில் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அங்கே பைகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். அரிசி, சேலை, கேக். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டாசு கிப்ட் பாக்ஸ். நீங்கள் வேலை பார்த்த கம்பெனி லேபிள்.

வருடா வருடம் முதலாளி கொடுப்பது, வருடா வருடம் போடுவது. நம் பக்கத்தில் பட்டாசு இல்லாமல் எந்தப் பண்டிகைப் பை நிறைகிறது? ஆனால் இந்த வருடம் அதில் ஒரு பை எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஒருவருக்குமா உறைக்கவில்லை? தீபாவளி அன்று தம்பி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தான் அப்பா. அவனுக்கும் சேர்த்து ஒரு பெட்டி சரவெடி.

இங்கேதான் உங்கள் மேல் கோபம் வந்தது. எட்டு வருடம் அந்த மேடையில் தாத்தாவாக நின்று பையை எடுத்து எடுத்துக் கொடுத்தீர்களே. புருஷன் விட்டுப் போனவர், சிறுநீரகம் கெட்டவர் என்று ஒவ்வொருவர் கதையையும் மைக்கில் வாசித்தார்களே. ஒரு வார்த்தை கேட்டீர்களா? முகமூடியின் கண் ஓட்டை சின்னது, அப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். போட்டுப் பார்த்தேன். எல்லாம் தெரிகிறது. முதல் வரிசையில் அம்மா அந்தத் தையல் விட்ட இடத்தைக் கைக்குள் மடித்துப் பிடித்திருந்தது வரை தெரிந்தது.

மைக் கிடைத்தால் நம் செயலர் அலறலர் ஆகிவிடுவார், உங்களுக்கே தெரியும். "அடுத்ததாக, வெடிவிபத்தில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தவிக்கும் சகோதரி..." என்று அவர் ஆரம்பிக்கவும் நான் மைக்கைப் பிடுங்கினேன். அவர் வாசித்த அதே ராகத்தில் வாசித்தேன்.

"அடுத்ததாக, தொண்டை பெருத்து, மைக் இல்லாமலே மைக் வைத்தது போலப் பேசும் வியாதியால் அவதிப்படும் செயலர் குடும்பத்துக்கு ஒரு பை!"

கோயிலே சிரித்தது. போதகர் ஐயாகூட வேதப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. "மணல் வாளியில மணலைக் காணோம், வெத்திலை எச்சில்தான் கிடக்கு" என்று நீங்கள் சாப்பிடும்போது சொல்வீர்களே, அது ஞாபகம் வந்துவிட்டது.

"அடுத்ததாக, இத்தனை கம்பெனி இருந்தும், தீயணைக்க ஒரு வாளி மணல் அள்ளிப் போட வழியில்லாமல் தவிக்கும் முதலாளிக்கு ஒரு பை!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தானாக மேடை ஏறி, நம் பையை எடுத்து, மேலே இருந்த பட்டாசுப் பெட்டியை வெளியே எடுத்து முதலாளியிடம் நீட்டினாள்.

"அரிசி எங்களுக்கு வேணும் ஐயா, எடுத்துக்கிடுதேன். இது வேண்டாம். எங்க வீட்டுக்குக் கேட்ட சத்தமே போதும்."

முதலாளி அதை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துக் கேமராவைத் தூக்கினார். நான் எதையும் யோசிக்கவில்லை. அம்மாவுக்கும் கேமராவுக்கும் நடுவில் குதித்து, தலையணைத் தொந்தியைக் குலுக்கி ஆடினேன். செயலர் மாமா வந்து தாடியைப் பிடித்து இழுத்தார். பாதி அவர் கையோடு போய்விட்டது, முகமூடியும் நழுவிவிட்டது.

"நீதானாட்டி! உங்கப்பாவும் இதே கூத்துதான். எட்டு வருசத்துல ஒரு போட்டோவை உருப்படியா எடுக்க விட்டதில்ல. பையை நீட்டுற நேரம் பாத்து குறுக்க வந்து ஆடுவாரு!"

அவர் என்னைத் திட்டுவதாக நினைத்துச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் கமிட்டி அறைக்குப் போனேன். சுவரில் எட்டு வருடப் போட்டோவும் வரிசையாக மாட்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் உங்கள் தொந்தி, தாடி, தூக்கிய கை. ஒன்றில் உங்கள் முதுகு மட்டும். வாங்கியவர்களில் ஒருவர் முகம்கூட இல்லை. சேலை ஓரம் தெரிகிறது, பை தெரிகிறது, முகம் இல்லை.

வேண்டுமென்றேதானா அப்பா? இல்லை, ஆடுகிற உற்சாகத்தில் அப்படி அமைந்துவிட்டதா? இனி யாரிடம் கேட்பது?

போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "பேசின விதம் தப்பு. பேசின விசயத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அடுத்த வருசம் பையை வீட்டுக்கே கொண்டு போய் குடுக்கலாம்னு கமிட்டியில சொல்லுதேன்" என்றார். தாடி கிழிந்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொல்வார். கமிட்டி கேட்குமா? கேட்டால் அது அன்பளிப்பு. கேட்காவிட்டால் பழையபடி அன்பு அளப்புதான்.

கிறிஸ்மஸ் அன்று அம்மா மாம்பழ நிறச் சேலை கட்டினாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

உங்கள் மேல் இருந்த கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் மேல் இருப்பது அப்படியே இருக்கட்டும், செலவுக்கு ஆகும். தாடிக்குப் பஞ்சு வாங்கி ஒட்டிவிட்டேன். அடுத்த டிசம்பரில் மேடை போட்டுப் பெயர் வாசித்தால், நானும் வாசிப்பேன். கேமராவைத் தூக்கினால், குறுக்கே ஆடுவேன். ஒரு முகத்தையும் எடுக்க விடமாட்டேன் அப்பா, இது சத்தியம்.

பஞ்சு ஒட்டிய தாடியோடு நிற்கும் புதுத் தாத்தா,
உங்கள் மூத்த மகள்
எஸ்தர்