சட்டைப் பையில் போன படம்

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாக, என் மூத்த ஓரகத்தி கனகக்காவுக்கு,

பெரிய பேரனுக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் வேலை ஆகிவிட்டது. பேத்தி வசந்தா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவது. சின்னப் பேரன் சேகர் மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகளா என்கிறது தெரு. நீங்கள் இருந்தால் "நம்ம பிள்ளைங்க" என்பீர்கள். என் பிள்ளைகள், அக்கா.

சேகர் டவுனில் ஹைஸ்கூல் படித்தபோது, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காவேரியில் முழுகி, துளசியை மென்றுகொண்டே வீட்டுக்கு வருவானே. "இந்த வயசுல என்ன பக்தி பாருங்க" என்று தெருவெல்லாம் சொன்னேன். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். பொறாமை என்று நினைத்தேன்.

சிகரெட் நாற்றம் போகத்தான் அந்தக் குளியல் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவனே சொன்னான். "குளிச்சது நீ. சட்டை குளிக்கலியேப்பா" என்று பையிலிருந்த பெட்டியை எடுத்தீர்களாம். அடிக்கவில்லை, கத்தவில்லை. "ஊதினாலும் வந்து சொல்லு, ஊதலைன்னாலும் வந்து சொல்லு" என்றீர்களாம். சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டானாம்.

அதற்குத்தான் தினமும் உங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தானா? உங்கள் கைக் காப்பிக்காக என்றல்லவா வயிறெரிந்தேன். போட்டிக்கு வடைகூடச் சுட்டேனே.

"என்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"நீங்கதான் தெருவெல்லாம் என்னைப் புகழ்ந்து வச்சிருந்தீங்களே பாட்டி. எந்த வாயால சொல்றது?"



கிளம்பும்போது சுவரிலிருந்த உங்கள் சின்னப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, சிகரெட் பெட்டி இருந்த அதே பையில் வைத்துக்கொண்டான். "ஹாஸ்டல்ல எவனாவது நீட்டுவான் பாட்டி. பெரியபாட்டி இங்கயே இருக்கட்டும்." பக்கத்திலேயே நான் பட்டுச்சேலை கட்டி எடுத்துக்கொண்ட படம் இருந்தது, அக்கா. அதை அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

உங்களுக்கென்று இருந்ததே அந்த ஒரு படம். இப்போது காலையில் பூவைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் ஆணியைப் பார்க்கிறேன். பழையதை அவனே வைத்துக்கொள்ளட்டும். அதைக் கொண்டு ஸ்டூடியோவில் ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். வந்ததும் என் கையாலேயே மாட்டி, அன்றாடம் முதல் பூவை உங்களுக்கே வைப்பேன். இது சத்தியம். ஆனால் என் படத்துக்கு ஒரு விரற்கடை கீழேதான் மாட்டுவேன்.

அனுப்பச் சொல்லி நீங்களும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தானே கேட்கிறான்.

இன்னும் பொறாமை தீராத
உங்கள் இளைய ஓரகத்தி,
மீனாட்சி
ஸ்ரீரங்கம்