வெள்ளிக்கிழமை ஏற்றிய பக்கம்

20 ஜனவரி 2025, திங்கள்

தேதியை முதலில் சொல்ல வேண்டும் என்றாள் என் மகள் இர்பானா. சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது, அவளே செய்து கொடுத்தது. வீட்டுப் பேச்சு பேசினால் கண்டபடி எழுதுகிறது, அதனால் பள்ளிவாசல் பயானில் கேட்ட தமிழில் பேசுகிறேன். "பொட்டி என்னோடது அத்தா, உள்ள இருக்கறது உங்களோடது. தொறந்து பாக்க மாட்டேன்" என்றாள்.

ஒரே குறை, பேசுவதற்கான பொத்தான் கடலைப்பருப்பு அளவு. போர்வெல் ராடு பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு மூன்று தட்டு தட்டினால்தான் படுகிறது. அவளிடம் சொல்லவில்லை. ஆசையாகச் செய்த பிள்ளை.

22 ஜனவரி, புதன்

புருஷன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்து இரண்டு வருடம். இது அவள் தனியாகப் பிடித்த முதல் வேலை. நான் முப்பத்து மூன்று வருடம் போர் போட்ட அதே திருச்செங்கோட்டுக் கம்பெனிக்கு. எந்த ரிக் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று ஏஜெண்டுகள் பதிந்துகொள்ளும் இணையப் பக்கம். இது நன்றாக நடந்தால் இன்னும் நாலு ரிக் கம்பெனிகள் அவளைத் தேடி வரும். சொந்தக் காலில் நின்றுவிடுவாள்.

இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"லேப்டாப்புல நல்லா ஓடுது அத்தா. ஆனா சர்வருங்கறது வேற மிஷினு. இதுல இருக்கற எல்லாத்தையும் அங்கயும் அதே மாதிரி அமைக்கணும். கையால செஞ்சா ஒண்ணு விட்டுப்போவும். அதான் வரிசையா எழுதி வெக்கறேன், ஓட்டிவிட்டா அதுவே ஒண்ணொண்ணா செஞ்சுரும். ஸ்கிரிப்டுன்னு பேரு."

"ஆயிரம் அடிக்கு ராடு எறக்குனேன். எந்த வரிசைய எழுதி வெச்சேன்?"

"நீங்க மறக்க மாட்டீங்க. நான் மறப்பேனே" என்று சிரித்தாள்.

23 ஜனவரி, வியாழன்

பக்கத்தைச் செவ்வாய்க்கிழமை சர்வரில் ஏற்றுகிறாளாம். அதற்குள் ஒன்றும் போடாத வெறும் மிஷின் ஒன்றில் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

"செவ்வாயில யாரு தொழில் தொடங்குவா? நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஏத்து" என்றேன்.

"எங்க வேலையில வெள்ளிக்கிழமை யாரும் ஏத்த மாட்டாங்க அத்தா. கோளாறுன்னா சனி ஞாயிறு ஆளு கெடைக்காது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளிக்கெழமையத் தவிர வேற நாள்ல என் வண்டி ஷெட்ட விட்டுக் கெளம்புனதில்ல. நிக்காவுக்கும் உன் இஷ்டத்துக்குத்தான் நாள் குறிச்சே. என்னாச்சு?"

அவள் லேப்டாப்பை மூடினாள். என் வீட்டுக்காரி ரபியாதான் அடுப்படியிலிருந்து, "அது வாயா, கம்ப்ரசரா?" என்றாள்.

24 ஜனவரி, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தேன். பிஸ்மில்லா சொல்லித் தட்டினாள். திரையில் வரி வரியாக ஓடி நின்றது. பக்கம் திறந்தது. கம்பெனியில் பதிவு நோட்டைத் தூக்கிப் பீரோவில் வைத்துவிட்டார்களாம். பார்த்தாயா என்றேன்.

26 ஜனவரி, ஞாயிறு

பக்கம் செத்துக் கிடக்கிறது. வெள்ளி சாயங்காலம் நாலு மணியிலிருந்து.

27 ஜனவரி, திங்கள்

எப்போதோ லேப்டாப்பில் கையால் போட்ட ஒரு சாமான் ஸ்கிரிப்டில் விட்டுப்போயிருக்கிறது. பக்கம் திறக்க அது வேண்டாம், ஏஜெண்டுகள் கூட்டமாகப் பதியும்போதுதான் வேண்டுமாம். வெறும் மிஷினில் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். சரிசெய்ய உள்ளே நுழைவதற்குக் கம்பெனி மேனேஜர் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அவர் சனி ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. இதற்குள் ராய்ச்சூர் பக்கம் ஒரே தோட்டத்தில் இரண்டு ரிக் போய் நின்றிருக்கிறது.

கௌதமன் கூப்பிட்டு அனுப்பினார். முதலாளியின் மகன், இன்ஜினியரிங் படித்தவர். நானும் மகளும் போனோம்.

"ஏனுங்க, செவ்வாக்கெழமை போதும்னு நாந்தான் சொன்னனே? வெள்ளிக்கெழமை யாரு ஏத்தச் சொன்னது?"

"நான்தாங்க" என்றாள் இர்பானா.

"பாய் ஊட்டுப் புள்ளைன்னு நம்பிக் குடுத்தேன். படிச்ச புள்ள செய்யற வேலையா இது?"

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன்? அன்வர் பாட்சா சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த ஆபீஸில் முப்பத்து மூன்று வருடப் பேர். அது கெட்டுவிடுமாம். மக பேரு கெட்டாப் பரவால்லயாடா? டீயை வேற மிச்சம் வெக்காமக் குடிச்சியே —

28 ஜனவரி, செவ்வாய்

வண்டி வெள்ளி கிளம்ப வேண்டுமென்றால் வியாழன் முழுக்க ஷெட்டில் கம்ப்ரசரை ஓட்டிப் பார்ப்போம். 1991 ஆடியில், மூன்றாம் நம்பர் வண்டி, இடது ஹோஸ் வெடித்தது ஒரு வியாழன் மத்தியானம்தான். ஷெட்டிலேயே வெடித்ததால் யாருக்கும் அடியில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவளிடம் வெள்ளியை மட்டும் சொன்னேன். வியாழனைச் சொல்லவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

கம்பெனி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. மற்ற கம்பெனிக்காரர்கள் போனே எடுப்பதில்லை. இர்பானா கோயம்புத்தூரில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் பஸ் ஏறினாள். உம்மாவிடம் நிறையப் பேசினாள். என்னிடம், "மாத்திரைய மறந்துறாதீங்க" மட்டும்.

நான் மறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

18 பிப்ரவரி, செவ்வாய்

கௌதமனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஏற்றச் சொன்னது நான்தான் என்று.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க பாய். புள்ளைய என்னென்னமோ பேசிப்போட்டனே" என்றார். அப்புறம், "இப்ப வேற ஆளு வெச்சாச்சுங்களே" என்றார்.

டீ சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்லி வைக்கிறேன். தப்பு என்னுடையது, இர்பானா. நிக்காவைச் சொன்னதும் தப்பு.

21 பிப்ரவரி, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து போனை எடுத்தேன். பேசும் பொத்தான் பெரிதாகியிருக்கிறது. இட்லி அளவு. ஒரே தட்டில் பட்டது.

பொத்தான் சின்னது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ரபியாவிடம்கூட. இங்கே மட்டும்தான் சொன்னேன்.

அப்படியென்றால் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும்.

நேற்றுக் காலையில்கூடக் கடலைப்பருப்பாகத்தான் இருந்தது. இன்று வெள்ளி, அவள் ஏற்றியிருக்க மாட்டாள். நேற்று, வியாழக்கிழமை ஏற்றியிருக்கிறாள்.