சிவப்புக் கம்பளி நூல்

அன்புள்ள கனீஸுக்கு, அப்பாஸின் சலாம். நான் நலம். அம்மாவின் இருமல் நின்றதா? கூரைப் பனியைத் தள்ள உன் தம்பியைக் கூப்பிடு, நீ ஏறாதே.

சிகரம் ஏற வந்திருக்கும் எங்கள் வெளிநாட்டு சாஹிபுக்குச் செவ்வாய்க்கிழமை பல்வலி. அதனால் மலையேறாமல் கீழ் முகாமிலேயே இருந்துவிட்டோம். மத்தியானம் பனிச்சரிவு வந்து, மேல் முகாமில் இருந்த இரண்டு கூடாரங்களையும் வாரிக்கொண்டு போனது. உள்ளே யாரும் இல்லை. என்னோடு சுமை தூக்கும் இஸ்ஹாக் அண்ணன், "சாஹிப், அந்தப் பல்லைப் புடுங்கிடாதீங்க. நம்ம எல்லார் உசுரும் அதுலதான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சாஹிபுகளிடம் கருவி இருக்கிறது. எனக்குத் தந்தது குளிரில் செத்துவிட்டது. இஸ்ஹாக் அண்ணன் இடுப்பில் நீளமாகச் சிவப்பு நூலைக் கட்டி இழுத்துக்கொண்டே நடக்கிறார்.

"என்னண்ணே, வாலு முளைச்சிருச்சா?" என்றேன்.

"சிரிடா சிரி. ஆளு புதைஞ்சாலும் வாலு மேல கெடக்கும். அதைப் புடிச்சுத் தோண்டிருவாங்க."

வேடிக்கைக்குத்தான் எழுதினேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் படித்துக் காட்டவும் வேண்டாம்.

ஒரு ஜோடி காலுறை அனுப்பு. உப்புத் தேநீருக்குக் கொஞ்சம் வெண்ணெய். பிறகு, குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன வாங்கினாயே, அந்தச் சிவப்பு நூல். நாற்பது முழம் வேண்டும், நடுவில் முடிச்சு இருக்கக் கூடாது.

இந்தக் கடிதம் கொண்டுவரும் யூசுப், நீ தருவதை வாங்கிக்கொள்ள உன் வாசலில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை இங்கே முகாமுக்குத் திரும்பிவிடுவார். திங்களன்று நாங்கள் மேலே ஏறுகிறோம்.

ஸ்வெட்டரைப் பாதி பின்னியிருந்தாலும் பிரித்து அனுப்பிவிடு.

உன் அப்பாஸ்