பொரியோட எறச்ச காசு

மந்தாரக்குப்பம், நெய்வேலி
9.2.2025

அன்பு தம்பி தமிழ்மாறனுக்கு அக்கா சின்னம்மாள் எழுதறது.

நாங்க இருக்கோம். நீ வேளைக்குச் சாப்புடறியா? என் போன் தண்ணி ட்ரம்முல வுழுந்து போச்சு, அதான் கடுதாசி. அந்த ட்ரம்மு நம்ம அப்பா மைன்ஸ் காண்ட்ராக்ட்ல இருந்தப்ப வாங்கனது, நீ அதுல ஒளிஞ்சிக்கினு ஊரையே தேட வெச்ச. சரி, அத வுடு.

அப்பாவ நல்லபடியா எடுத்தோம். நீ வர முடியலயேன்னு எனக்கு மனசு ஆறல. போன தபா வந்தப்ப நீ வெச்சிட்டுப் போன மலேசியா சில்லறைய பொரியோட கலந்து, பாவாடை சித்தப்பா கையில குடுத்து, பாடைக்கு முன்னாடி எறைக்கச் சொன்னேன். மவன் சம்பாதிச்ச காசாவது கூடப் போவட்டும்னு.

தெருப் புள்ளைங்க அத பொறுக்கிக்கிச்சுங்க. அந்த அம்பது சென் காசு நம்ம அஞ்சு ரூபா மாதிரியே மஞ்சளா இருக்குதா, நான் பாத்துக்கற தண்ணி மெஷின்ல போட்டா கொடம் ரொம்பிடுது. காசுப் பொட்டிய தெறந்த மெஷின் காண்ட்ராக்டர் சக்கரபாணிக்கு மூஞ்சி செவந்துட்டுது. பேங்க்ல அத வாங்கலயாம். வெளிநாட்டு சில்லறைய யாரும் கொண்டாரவும் கூடாது, போடவும் கூடாதுன்னு போர்டு மாட்டிட்டாரு. கடைக்காரங்களும் அதே மாதிரி எழுதி ஒட்டிட்டாங்க.

யாரு போட்டதுன்னு என்னைய கேக்கறாரு. புள்ளைங்க பேரச் சொன்னா அதுங்களுக்கு அடி வுழும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். இந்த வேலைய வுட்டா எனக்கு கஞ்சிக்கு வழியில்ல. நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத.

அக்கா
சின்னம்மாள்

பகாங், மலேசியா
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடுதாசிய படிச்சிட்டு வேல செய்யற செம்பனைத் தோட்டத்துலயே உக்காந்து அழுதுட்டேன். கொள்ளி போட வேண்டியவன் நான் இங்க இருக்கேன், என் காசு அங்க போயிருக்குது.

எனக்கு மனசு கேக்கலக்கா. ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போயி சக்கரபாணி அண்ணனுக்கு போன் போட்டேன். காசு என்னுதுதான், அப்பா சாவுக்கு எறச்சது, எங்கக்கா ஒரு பாவமும் அறியாதுன்னு சொல்லிட்டேன். இங்க அது நம்மூரு பத்து ரூபா பெறும், யாரும் யாரையும் ஏமாத்தலன்னும் சொன்னேன். பொறுமையா கேட்டுக்கினாரு. “தெளிவா சொன்னியே, அது போதும் தம்பி”ன்னாரு. இனிமே உனக்கு தொந்தரவு இல்ல. தைரியமா இரு.

உன் தம்பி
தமிழ்மாறன்

மந்தாரக்குப்பம்
20.3.2025

தம்பிக்கு,

நீ பேசன அன்னிக்கே சக்கரபாணி வந்துட்டாரு. “காசு உங்க வூட்டுதுதான்னு உன் தம்பியே ஒத்துக்கினாம்மா. தெரியாதுன்னு எங்கிட்ட பொய் சொன்னியே”ன்னாரு. சத்தம்கூட போடல. கைய நீட்டனாரு, மெஷின் சாவிய குடுத்துட்டேன்.

நான் தெரியாதுன்னு சொன்னது பொய்தானே. புள்ளைங்க பேர அப்பவும் சொல்லல. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. உம்மேல கோவம்னு இல்ல. மாசம் ரெண்டு ஆயிரம் அனுப்பறேன்னு சொல்லாத, உனக்கே அங்க கடன். மைன்ஸ்காரங்க குவாட்டர்ஸ்ல வூட்டு வேலை கெடைக்குமான்னு ப்ளாக் ப்ளாக்கா கேட்டுக்கினு இருக்கேன். வயசு கேட்டுட்டு, சொல்லி அனுப்பறோம்ங்கறாங்க.

நேத்து வூட்ல குடிக்கத் தண்ணியில்ல. கொடத்த தூக்கிக்கினு அந்த மெஷினுக்கே போனேன். புதுசா செங்குட்டுவன்னு ஒரு ஆள போட்டிருக்காங்க, நல்ல பையன், மரியாதையாத்தான் பேசனான். என் அஞ்சு ரூபாய வாங்கி, ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அப்பறம்தான் போட வுட்டான்.

சின்னம்மாள்